மாந்தைத் துறையும் உரோமின் தேய்வும்

அனுராதபுரத்தைத் தொட்டு வரும்போது மல்வத்து ஓயா என்றும் மன்னார்ப் பெருநிலத்துக்குள் நுழைந்ததும் அருவியாறு என்றும் பெயர் பெறும் ஆறு 164 கிலோமீற்றர் ஓடி, நானாட்டான் வயல்வெளிகளுக்குத் தெற்கே அரிப்புக்கு அருகில் கடலைச் சேர்கிறது. நானாட்டானுக்கு வடக்கே, பாலாவியின் கரையில், திருக்கேதீச்சரக் கோயிலை அடுத்துப் பெரியதொரு மண்மேடு கிடக்கிறது. அதைச் சுற்றிக் குதிரை லாட வடிவில் இரட்டை அகழிகளின் தடம் இன்றும் தெரிகிறது. மாந்தை என்றும் மாதோட்டம் என்றும் தமிழரும், மகாதித்த என்று பாளி நூலாரும் அழைத்த பழந்துறை இதுவே. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கப்பல் கண்ட இந்தத் துறைக்கு உரோமப் பேரரசின் செல்வமும் வந்தது, அதன் தளர்ச்சியும் வந்து சேர்ந்தது.

உரோமின் வீழ்ச்சி என்றதும் பாடநூல்கள் கி.பி. 476ஆம் ஆண்டைச் சொல்லும். அந்த ஆண்டில் ஒடோவாக்கர் என்ற படைத்தலைவன் மேற்கு உரோமின் கடைசிப் பேரரசனான சிறுவன் ரோமுலஸ் அகஸ்துலஸைப் பதவி நீக்கினான். மன்னார்க் கரையில் நின்று பார்த்தால் அந்த ஆண்டுக்குத் தனிச் சிறப்பு எதுவும் இல்லை. இங்கே உரோம் தேய்ந்த விதம் வேறு. முதலில் அதன் வெள்ளி கெட்டது. பிறகு அதன் கப்பல்கள் அருகின. பிறகு அதன் காசு செம்பாய்ச் சிறுத்து வந்தது. கடைசியில் அதன் வணிகன் பிறர் கப்பலில் இடம் கேட்டு வந்தான். இந்தத் தேய்வு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டு நீண்டது.

மாந்தையின் இருப்பிடத்தை அறியாமல் இதனை விளங்கிக்கொள்ள முடியாது. மன்னாருக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே மணல் திட்டுகளும் ஆழமற்ற கடலும் உள்ளன. பெரிய மரக்கலங்கள் அவ்வழியே போக முடியாது. மன்னார் வளைகுடாவிலிருந்து பாக்குநீரிணைக்குச் செல்லவேண்டிய சரக்கைப் பெருங்கலத்திலிருந்து இறக்கிச் சிறு கலங்களில் ஏற்றவேண்டும். ஏற்றி இறக்கும் அந்த இடத்தில் ஒரு துறை உருவாவது இயல்பு. அத்துடன், அங்கிருந்து உள்நாட்டுக்குப் போகும் வழி ஏறத்தாழ 80 கிலோமீற்றர் தொலைவிலுள்ள அனுராதபுரத் தலைநகருக்கே சென்றது. தலைநகருக்குரிய துறை என்ற நிலையும் இரு கடல்களின் சந்தி என்ற நிலையும் ஒரே இடத்தில் கூடியதால், எந்தப் பேரரசு எழுந்தாலும் விழுந்தாலும் மாந்தைக்கு வேலை இருந்தது.

கி.மு. 30இல் எகிப்து உரோமர் கைக்கு வந்தது. செங்கடல் துறைகளான மியோஸ் ஹோர்மோஸும் பெரனிக்கேயும் அதன்பின் பெருத்தன. ஆண்டுக்கு 120 கப்பல்கள் மியோஸ் ஹோர்மோஸிலிருந்து இந்தியாவுக்குப் புறப்படுவதாக கிரேக்க நிலநூலார் ஸ்திராபோ எழுதினார். மன்னார்க் கடலோடிகள் சோளகம் என்று சொல்லும் தென்மேற்குக் காற்று அவர்களைக் கொண்டுவந்தது; வாடை திரும்பக் கொண்டுபோனது. அவர்கள் பெரும்பாலும் மேற்குக் கரை முசிறியோடு நின்றுவிட்டார்கள். அங்கே மிளகு கிடைத்தது. அப்பால் போகவேண்டிய தேவை தொடக்கத்தில் குறைவு.

இலங்கைக்கு உரோமர் வந்த முதற் செய்தியைக் கி.பி. 77 அளவில் எழுதிய உரோம அறிஞர் பிளினியே தருகிறார். செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த அன்னியஸ் பிளோக்காமஸ் என்பவரின் விடுதலை பெற்ற அடிமை ஒருவன் அரபுக் கரையோரம் கலம் செலுத்திக்கொண்டிருந்தான். காற்று அவனைத் திசை தப்ப அடித்துச் சென்று, 15ஆம் நாள், தப்ரபேன் என்று அவர்கள் அழைத்த இத்தீவின் ஹிப்புரோஸ் என்ற துறையில் சேர்த்தது. கிரேக்கத்தில் ஹிப்போஸ் என்றால் குதிரை. ஆகவே இது மன்னாருக்குத் தெற்கேயுள்ள குதிரைமலையே என்று பலர் கொள்வர். அரசன் அவனை ஆறு மாதம் உபசரித்தான். அந்நாட்களில் அவனிடமிருந்த வெள்ளித் தெனாரியஸ் காசுகளை அரசன் பார்த்தான். அவற்றில் பொறித்த தலைகள் வேறு வேறு. வெவ்வேறு அரசர் அடித்தவை என்பது அதிலிருந்தே தெரிந்தது. ஆனால் எல்லாம் ஒரே எடை. அரசன் மாறியும் எடை மாறாத நாட்டில் நேர்மை இருக்கவேண்டும் என்று அவன் வியந்து, ராக்கியாஸ் என்பவரைத் தலைவராகக் கொண்ட நால்வர் தூதுக்குழுவை உரோமுக்கு அனுப்பினான். அது கிளாடியஸ் பேரரசனின் காலம், கி.பி. 41க்கும் 54க்கும் இடைப்பட்டது.

இந்தக் கதையைப் பயணியின் புனைவென்று தள்ளிவிட முடியாது. எகிப்தின் பாலைவனத்தில், கொப்டோஸிலிருந்து பெரனிக்கே போகும் வழியில், பாறை நிழலொன்றில் பிளோக்காமஸின் ஊழியனான லீசாஸ் என்பவன் தன் பெயரைக் கிரேக்கத்திலும் இலத்தீனிலும் கீறி வைத்திருக்கிறான்; ஆண்டு கி.பி. 6. பிளினி சொன்ன குடும்பம் அந்த வழியில் உண்மையாகவே வணிகம் செய்தது என்பதற்கு இது போதும். கதையில் கவனிக்கவேண்டியது அரசனின் பார்வை. உரோமின் படையையோ கோட்டையையோ அவன் கண்டதில்லை. எடை பிசகாத காசு ஒன்றை வைத்தே அந்நாட்டை அளந்தான். அந்த அளவுகோல் பின்னாளில் மீண்டும் இதே தீவில் எடுக்கப்படும்.

உரோமர் இங்கு தேடியவற்றில் முதலிடம் முத்துக்கு. அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி ஆகிய ஊர்களுக்கு எதிரேயுள்ள கடலடிப் பார்களில் சிப்பி விளைந்தது. சலாபம் என்று இப்பகுதியினர் சொல்லும் முத்துக்குளிப்பு பிற்காலத்தில் ஒல்லாந்தருக்கும் ஆங்கிலேயருக்கும் பெரும் வருவாய் தந்தது. அந்தத் தொழிலின் வேர் இந்தப் பழங்காலத்தில் இருக்கிறது. எதிர்க்கரையான கொற்கையில் தண்டனை பெற்ற கைதிகள் முத்துக் குளித்ததாகக் கி.பி. முதலாம் நூற்றாண்டின் செங்கடற் பயணக் கையேடு கூறுகிறது. உரோமில் லொல்லியா பவுலினா என்ற சீமாட்டி ஒரு சாதாரண நிச்சயதார்த்த விருந்துக்கு 4 கோடி செஸ்ட்டர்ஸ் (உரோம நாணயம்) மதிப்புள்ள முத்தும் மரகதமும் பூண்டு வந்ததைத் தாமே கண்டதாகப் பிளினி எழுதுகிறார். இந்தியா ஆண்டுதோறும் 5 கோடி செஸ்ட்டர்ஸை உறிஞ்சுகிறது என்றும், சீனாவையும் அரேபியாவையும் சேர்த்தால் அது 10 கோடி என்றும் அவர் குறைப்பட்டார். கணக்குச் சரியா என்பதில் ஆய்வாளருக்குள் ஐயம் உண்டு. பொன்னும் வெள்ளியும் கிழக்கே ஓடின என்பதில் ஐயமில்லை.

ஓடிய வெள்ளியில் மாந்தைக்கு நேராக வந்தது சிறிதே. அகஸ்தஸ், திபேரியஸ் ஆகியோரின் தெனாரியஸ் புதையல்கள் கொங்கு நாட்டில் நிறையக் கிடைத்தன. இலங்கையில் அக்காலக் காசு அரிது. உரோமக் கலங்கள் முசிறியில் நின்றுவிட, அங்கிருந்து இத்தீவுக்கு வந்த சரக்கைத் தமிழ் வணிகரும் இத்தீவின் வணிகருமே சுமந்தார்கள் என்பதுதான் இதற்குப் பொருத்தமான விளக்கம். அவர்களது சுவடு கல்லில் இருக்கிறது. அனுராதபுரத்தில் தமிழ்க் குடும்பிகள் கூடிய மண்டபத்தின் பிராமிக் கல்வெட்டில் நாவிகன் ஒருவன், அதாவது கப்பலோட்டி, இருக்கை பெற்றிருக்கிறான். வவுனியாப் பெரிய புளியங்குளத்துக் கல்வெட்டில் விசாகன் என்ற தமிழ் வணிகன் வருகிறான். அரிக்கமேட்டில் கிடைத்த உருளை வரிப் பானை ஓடுகள் மாந்தையிலும் கிடைத்தன. காவிரிப்பூம்பட்டினத்துக்கு ஈழத்திலிருந்து உணவு போனதைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. மாந்தை மண்ணில் கிடைத்த ஒரு கோதுமை மணியின் காலம் கி.பி. 100க்கும் 200க்கும் இடைப்பட்டது. கோதுமை இத்தீவில் விளையாது. யாரோ கடல் கடந்து கொண்டுவந்து, இத்துறையில் சமைக்கக் கருதிய தானியம் அது.

கி.பி. 150 அளவில் தொலமி வரைந்த நிலநூலில் தப்ரபேனின் ஊர்கள் நிறைந்திருக்கின்றன. அதில் வரும் மொதுத்து என்ற வணிகத் துறை மாதோட்டமே என ஆய்வாளர் பலர் கொள்வர். வேறிடம் காட்டுவோரும் உளர். எவ்வாறாயினும், பிளினி காலத்தில் கேள்விப்பட்ட தீவு தொலமி காலத்தில் கடலோடிகள் ஊர் ஊராகப் பெயர் சொல்லும் தீவாகிவிட்டது. உரோம வணிகம் உச்சியைத் தொட்ட நேரம் அது. அந்நூற்றாண்டின் பாப்பிரஸ் ஒன்று, ஹெர்மாபொலோன் என்ற கப்பல் முசிறியிலிருந்து ஏற்றிவந்த சரக்கைக் கணக்கிடுகிறது: கங்கைக் கரை நறுமணத் தைலம், யானைத் தந்தம், துணி. எகிப்துக்குள் வரும் இத்தகைய சரக்கில் நாலில் ஒரு பங்கை அரசு வரியாகக் கொண்டது. வரி போக அந்த ஒரு கப்பலின் சரக்கு ஏறத்தாழ 70 இலட்சம் செஸ்ட்டர்ஸ் பெறும். கிழக்குக் கடல் வணிகம் உரோமச் செல்வரின் ஆடம்பரத்துக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. படைகளுக்குச் சம்பளம் கொடுத்த கருவூலமே இந்தக் கால் பங்கு வரியில் சாய்ந்திருந்தது. இவ்வணிகம் தளர்ந்தபோது உரோம அரசும் ஒரு தூணை இழந்தது.

தளர்ச்சி கி.பி. 165 அளவில் தொடங்கிய கொள்ளைநோயோடு வந்தது. மார்க்கஸ் ஒரேலியஸின் படைகள் கிழக்கிலிருந்து கொண்டுவந்த அந்நோய் பேரரசெங்கும் பரவி ஆண்டுக்கணக்கில் உயிர் குடித்தது. 224இல் பாரசீகத்தில் சசானியர் அரசமைத்தார்கள். வலுவான பகை ஒன்று உரோமின் கிழக்கெல்லையில் எழுந்தது. 235 முதல் 284 வரை உரோமில் பேரரசர்கள் அடுத்தடுத்துப் படைகளால் அமர்த்தப்பட்டு, படைகளாலேயே கொல்லப்பட்டார்கள். 270இல் பால்மைரா அரசி செனோபியாவின் படை எகிப்தைப் பிடித்தது. மியோஸ் ஹோர்மோஸ் கைவிடப்பட்டது. பெரனிக்கே ஒடுங்கியது. 3ஆம் நூற்றாண்டு உரோமக் காசுகள் தமிழகத்திலும் இலங்கையிலும் மிகமிக அரிதாகவே கிடைக்கின்றன. எங்கோ நடந்த அரசியல் கொலைகள் இங்கே காசு வராத வெறுமையாகப் பதிந்திருக்கின்றன.

கப்பல் குறைந்ததோடு காசும் கெட்டது. அகஸ்தஸின் தெனாரியஸ் ஏறக்குறைய கலப்பில்லாத வெள்ளி. 64இல் நீரோ அதன் எடையையும் மாற்றையும் குறைத்தார். தென்னிந்தியப் புதையல்களில் நீரோவுக்கு முந்திய வெள்ளியே மிகுதி. அங்குள்ள வணிகர் வித்தியாசத்தை உடனே அறிந்து பழைய காசையே விரும்பி வாங்கினார்கள். செப்டிமியஸ் செவரஸ் காலத்தில், அதாவது 200ஐ ஒட்டிய ஆண்டுகளில், அது ஏறத்தாழப் பாதி வெள்ளியாகிவிட்டது. 260களில் கலியேனஸ் வெளியிட்ட காசில் வெள்ளி நூற்றுக்கு 5 பங்குக்கும் கீழே போயிற்று. செம்புக்கு மேலே வெள்ளிப் பூச்சு, அவ்வளவே. படைச் சம்பளத்துக்குப் போதிய வெள்ளி இல்லாமல், இருந்ததை உருக்கி எண்ணிக்கையைப் பெருக்கியதன் விளைவு இது. ராக்கியாஸை அனுப்பிய அரசன் வியந்த அந்த நேர்மையை உரோமின் அரசர்கள் தாங்களே கரைத்துவிட்டார்கள். பகைவர் எல்லையைக் கடக்கும் முன்பே உரோம் தோற்ற இடம் இது என்று சொல்வதில் மிகை இல்லை.

4ஆம் நூற்றாண்டில் ஒரு மீட்சி வந்தது. கொன்ஸ்தந்தீன் பவுண்டுக்கு 72 என்ற கணக்கில் சொலிடஸ் என்ற பொற்காசை அடித்தார். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4.5 கிராம். 330இல் தலைநகர் கொன்ஸ்தாந்திநோபிளுக்கு மாறியது. பெரனிக்கே மறுபடி உயிர்பெற்றது. அங்கே இக்கால மண்ணடுக்கில் கிடைத்த சிறு கண்ணாடி மணிகளில் மாந்தையில் செய்த வகையைச் சேர்ந்தவை உண்டு என்று மணி ஆய்வாளர் பீற்றர் பிரான்சிஸ் இனங்கண்டார். 361இல் பேரரசனான ஜூலியனிடம் செரென்திவி நாட்டிலிருந்தும் தூதர் வந்ததாக உரோம வரலாற்றாசிரியர் அம்மியானஸ் எழுதினார். தப்ரபேன் என்ற பழம் பெயரின் இடத்தில் வந்த இந்தப் புதுப் பெயர் இத்தீவையே குறிக்கிறது. முற்காலத்தில் உரோமன் காற்றடித்துக் கரை ஒதுங்கிய தீவு, இப்போது மீண்டும் தூதனுப்பித் தொடர்பு தேடியது.

இலங்கையில் உரோமக் காசு குவிந்து கிடைப்பது இந்தப் பிற்காலத்துக்கு உரியதே. பொன் அரிது. கிடைப்பவை செம்புக் காசுகள். அனுராதபுரம், மாந்தை, கந்தரோடை, தென்கரையின் மாத்தறைப் பகுதி என்று தீவெங்கும், ஆயிரக்கணக்கில். எதிர்க்கரையிலும் கரூர், மதுரை, வைகை முகத்துவாரத்து அழகன்குளம் ஆகிய இடங்களில் இதே காலத்துச் செம்பே கிடைக்கிறது. காசு உள்ளங்கையில் ஒரு பயற்றம் விதை போல மறைந்துவிடும் அளவு சிறியது. எடை ஒன்றிரண்டு கிராம். உற்றுப் பார்த்தால் ஒரு புறம் முத்துப்பட்டம் கட்டிய பேரரசனின் தலை தெரியும். மறுபுறத்தில், 348க்குப் பின் வந்த வகையொன்றில், உரோம வீரன் ஒருவன் குதிரையிலிருந்து விழும் பகைவனை ஈட்டியால் குத்துகிறான். சுற்றிலும் இலத்தீன் எழுத்து: நற்காலம் மீண்டது என்பது அதன் பொருள். அந்தக் காசுகள் புழங்கிய நாட்களில் கோத்தியர் தன்யூப் ஆற்றைக் கடந்தார்கள். 378இல் பேரரசன் வாலன்ஸ் அட்ரியானோபிளில் அவர்களிடம் தோற்று மாண்டார். 395இல் பேரரசு கிழக்கு மேற்கு என இரண்டானது.

இக்காசுகளோடு இன்னொரு வகையும் கலந்து கிடைக்கிறது: இங்கேயே வார்த்தோ அடித்தோ செய்த போலிகள். முதலில் தலையும் வீரனும் ஓரளவு ஒத்திருக்கும். போகப் போக இலத்தீன் எழுத்து வெறும் கோடுகளாகிறது, வீரன் இரண்டு மூன்று கீற்றாகிறான். போலி என்ற சொல் இங்கு ஏமாற்றைக் குறிக்காது. உரோமிலிருந்து வரும் சில்லறை போதாதபோது, பழகிய உருவத்திலேயே உள்ளூரில் சில்லறை செய்துகொண்டார்கள். சந்தையில் அது செல்லுபடியானது. அசல் காசுகள் 4, 5ஆம் நூற்றாண்டிலேயே வணிகத்தோடு வந்தன என்று ஒஸ்மண்ட் போபேராச்சி போன்றோர் கொள்வர். செல்லாக்காசான பின் உலோகமாக மொத்தமாய் ஏற்றி வந்தவை என்பது ரைன்ஹோல்ட் வால்பர்க்கின் கருத்து. போலிகளின் பெருக்கத்தைப் பார்த்தால், வந்த வழி எதுவானாலும் இங்கே அவை காசாகவே புழங்கின என்று கொள்வதே தகும். பேரரசனின் ஆணை எட்டாத தீவில் அவன் முகம் சில்லறையாய் வாழ்ந்தது.

மேற்கு உரோம் இதற்குள் நொறுங்கிக்கொண்டிருந்தது. 408இல் உரோம் நகரை முற்றுகையிட்ட கோத்தியத் தலைவன் அலாரிக் விலகிப்போகக் கேட்ட விலையில் 5,000 பவுண்டு பொன்னும் 30,000 பவுண்டு வெள்ளியும் 4,000 பட்டாடையும், அவற்றோடு 3,000 பவுண்டு மிளகும் இருந்தன. சேர நாட்டு மிளகு உரோமின் உயிருக்கு விலையாகக் கேட்கப்பட்டது. இரண்டு ஆண்டில் அவன் நகரைச் சூறையாடியே விட்டான். 455இல் வண்டாலர் மறுபடி சூறையாடினார்கள். 476இல் மேற்கின் அரியணை காலியானது. அலாரிக் உரோமைச் சூறையாடிய காலத்தை ஒட்டி அனுராதபுரத்துக்கு வந்த சீனத் துறவி பாகியான், அந்நகரில் வெளிநாட்டு வணிகரின் அழகிய வீடுகளைக் கண்டார். பின் பாண்டு முதலிய தமிழ் மன்னர் அறுவர் ஏறத்தாழக் கால் நூற்றாண்டு ஆண்டார்கள். அவர்களை வென்ற தாதுசேனன் குளங்கள் வெட்டினான். சூளவம்சம் அவன் பெயரில் சொல்லும் மானமத்த குளம் நானாட்டானுக்கு நீர் தரும் கட்டுக்கரைக் குளமே என்று கருதுவோர் உண்டு. உரோமின் மேற்குப் பாதி அழிந்த தலைமுறையில் இந்நாடு தன் வயலுக்கு நீர் கட்டிக்கொண்டிருந்தது.

கிழக்கு உரோம் நிலைத்தது. அதன் பொற்காசும் நிலைத்தது. அதன் கப்பலோ இந்தக் கடலில் அருகிவிட்டது. 550 அளவில் அலெக்சாந்திரியாவின் துறவி கொஸ்மாஸ் எழுதிய நூலில் சோபாத்ரோஸ் என்ற உரோம வணிகனின் கதை வருகிறது. அவன் எத்தியோப்பியத் துறையான அடுலிஸிலிருந்து அந்நாட்டார் கப்பலில் தப்ரபேன் வந்தான். அதே நேரம் பாரசீகத் தூதன் ஒருவனும் வந்திறங்கினான். உங்களிருவர் அரசரில் யார் பெரியவர் என்று இந்நாட்டு அரசன் கேட்டான். பாரசீகன் தன் அரசனைப் புகழ்ந்தான். சோபாத்ரோஸ், இரு அரசரும் இங்கேயே இருக்கிறார்கள், பார்த்துக்கொள்ளலாம் என்றான். உரோமின் பொற்காசையும் பாரசீகரின் வெள்ளிக்காசையும் முன்வைத்தான். அரசன் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பொன்னின் பக்கம் தீர்ப்பளித்தான். உரோமனை யானைமீதேற்றி முரசறைந்து ஊர்வலம் விட்டார்கள்.

இது உரோமர் எழுதிய கதை. அவர்களுக்கு வெற்றி கிடைப்பது வியப்பில்லை. ஆயினும் அது தன்னையறியாமல் சொல்லும் செய்தியே முக்கியம். பிளினியின் கதையில் உரோமன் தன் நாட்டவர் கலத்தில் வந்தான். ஐந்நூறு ஆண்டு கழித்து வந்தவன் எத்தியோப்பியர் கப்பலில் இடம்பெற்று வந்தான். அவனுக்கு முன்னே பாரசீகன் நின்றான். கொஸ்மாஸ் இத்தீவில் பாரசீகக் கிறிஸ்தவரின் கோயில் ஒன்று இருந்ததையும், அதன் குரு பாரசீகத்திலிருந்து நியமனம் பெற்றதையும் எழுதுகிறார். 1912இல் அனுராதபுரத்தில் அகழ்ந்தெடுத்த கற்சிலுவை அச்சமூகத்தின் சின்னம். பாரசீகக் குதிரைக்கு இங்கே சுங்கம் இல்லை. யானையோ உயரத்தை முழத்தால் அளந்து விலை பேசி வாங்கப்பட்டது. சீனத்திலிருந்து பட்டும், கிழக்குத் தீவுகளிலிருந்து அகிலும் கிராம்பும் சந்தனமும் வந்து, இங்கிருந்து மேற்கே போயின. இத்தீவின் சொந்தக் கப்பல்களும் கடலோடின. கொஸ்மாஸ் சொல்லும் பெருந்துறை மாந்தையாகவே இருக்கவேண்டும் என்று ஆய்வாளர் பலரும் கருதுகின்றனர்.

பாரசீகரின் பிடியைத் தளர்த்தப் பேரரசன் ஜஸ்தினியன் முயன்றார். 531 அளவில் எத்தியோப்பியரிடம் தூதனுப்பி, இந்தியரிடம் நேரே பட்டு வாங்கித் தரும்படி கேட்டார். அது கைகூடவில்லை. இந்தியக் கப்பல்கள் வந்துசேரும் துறைகளிலெல்லாம் பாரசீகர் முன்னரே அமர்ந்து சரக்கு முழுவதையும் வாங்கிவிடுவதாக வரலாற்றாசிரியர் புரோக்கோப்பியஸ் காரணம் எழுதினார். துறையில் நிலையாகக் குடியிருந்து, ஊரோடு பழகி, கடனுக்கும் ரொக்கத்துக்கும் வாங்குபவனைப் பருவத்துக்கொரு முறை வருபவன் வெல்ல முடியாது. 541இல் எகிப்தின் பெலூசியத்தில் கொள்ளைநோய் மீண்டும் வெடித்தது. அந்நூற்றாண்டிலேயே பெரனிக்கேயை மணல் மூடியது. 619இல் பாரசீகரும், 641இல் அரபியரும் எகிப்தைக் கைப்பற்றினர். செங்கடல் வாசல் உரோமருக்கு நிரந்தரமாக அடைபட்டது. கொன்ஸ்தாந்திநோபிள் 1453 வரை உயிர்வாழ்ந்தாலும் இந்தக் கடலில் உரோமின் கதை அத்தோடு முடிந்தது.

மாந்தையின் கதை முடியவில்லை. உரோமர் ஒதுங்கிய நூற்றாண்டுகளில்தான் அது மிகவும் செழித்தது. 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தரும் 8ஆம் நூற்றாண்டில் சுந்தரரும் பாடியது செழிப்புற்ற இந்தத் துறையின் கோயிலையே. அகழ்வில் பாரசீக வளைகுடாவின் நீலப்பச்சை மெருகுப் பாண்டங்களும் சீனப் பாண்டங்களும் அடுக்கடுக்காக வெளிவந்தன. 650க்கும் 800க்கும் இடைப்பட்ட திராட்சை விதை கிடைத்தது. 900க்கும் 1100க்கும் இடைப்பட்ட ஒரு கிராம்பும் கிடைத்தது. அது இந்தோனேசியத் தீவுகளிலிருந்து வந்தது. 993இல் இராசராசன் படை வந்தபின் இவ்வூர் இராசராசபுரம் ஆயிற்று. தாழிகுமரன் என்ற சோழ அதிகாரி இங்கே இராசராசேச்சரம் எடுத்தான். அதன் கல்வெட்டு கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. அனுராதபுரம் தலைநகராக இல்லாமல் போனதும், 11ஆம் நூற்றாண்டோடு துறை வெறிச்சோடியது. உரோம் தேய்ந்தபோது ஆட்டம் காணாத மாந்தை, தன் சொந்தத் தலைநகர் பெயர்ந்தபோது படுத்துவிட்டது.

இம்மேட்டை 1887இல் போக் என்ற ஆங்கில அதிகாரி விவரித்து எழுதினார். 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் பெரிய அகழ்வு நடந்தது. உள்நாட்டுப் போர் மூண்டதால் அது நின்றது; அதன் அறிக்கை நூலாக வெளிவர 2013 ஆயிற்று. போருக்குப் பின் 2009, 2010இல் நடந்த அகழ்வே கோதுமையையும் கிராம்பையும் தந்தது. கட்டுக்கரைக் குளத்தை அண்டி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் செய்த அகழ்வு, துறைக்குப் பின்னாலிருந்த உள்நாட்டுக் குடியிருப்பின் பழமையைக் காட்டியது. 2020இல் நானாட்டானிலேயே ஒரு காணியில் மண் வெட்டும்போது பழங்காசுகள் பெருந்தொகையாக வெளிவந்தன.

இப்பகுதியில் கிணறோ அத்திவாரமோ வெட்டுபவர் மண்வெட்டியில் பச்சைக் களிம்பு பிடித்த சிறு செம்பு வட்டம் தட்டுப்பட்டால், அதைத் துலக்கவோ பங்கிடவோ வேண்டாம். கிடந்த ஆழத்தைக் குறித்துக்கொண்டு, தொல்லியல் திணைக்களத்துக்கோ பிரதேச செயலகத்துக்கோ அறிவிக்க வேண்டும். அசல் காசும் போலிக் காசும் எந்தக் காலத்தில் இங்கே புழங்கின என்ற கேள்விக்கு விடை, காசு கிடந்த மண்ணடுக்கில்தான் இருக்கிறது. மாந்தை மேட்டில் இதுவரை அகழ்ந்தது ஒரு சிறு பகுதியே.